ஊர் நிலமும் துணைச் சங்கமும்
பூதான, கிராமதான வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்

"இந்த நிலம் யாருடையது?" என்று கேட்டால், "பட்டா எவர் பெயரில் உள்ளதோ அவருடையது" என்று நம் அங்கத்தினர் எவரும் தயங்காமல் விடை கூறுவர். "இந்தச் சங்கம் யாருடையது?" என்று கேட்டாலோ, "அங்கத்தினர் அனைவருடையது" என்பர். நூலையும் தறியையும் விதையையும் உரத்தையும் கூட்டாக வாங்கி விற்கப் பழகிய நாம், நிலத்தையும் அவ்வாறு கூட்டாக வைத்துக் காக்க இயலுமா என்பதை அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அம்முயற்சி நம் நாட்டில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டில் அதற்கென்றே துணைச் சங்கங்கள் தோன்றிப் பல்லாண்டு உழைத்தன. அவற்றின் வரலாற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

போத்தனூரைச் சுற்றியுள்ள நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. வெள்ளலூரிலும் குறிச்சியிலும் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் மனையிடங்களாக மாறியதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். இன்னும் எஞ்சியுள்ள நிலத்தையும், குளத்தையும், வாய்க்காலையும் யார் எவ்வாறு காப்பது என்பது நம் காலத்தின் கேள்வியாகும்.

தானம் தோன்றிய வகை

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்ற ஊருக்கு ஆசாரிய விநோபா பாவே வந்து சேர்ந்தார். நிலமற்ற அரிசனக் குடும்பத்தினர் அவரைச் சூழ்ந்து, தாங்கள் உழுது பிழைக்க 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று கேட்டனர். அரசாங்கத்துக்கு எழுதிக் காத்திராமல், கூடியிருந்த ஊராரையே விநோபா வினவினார். வேதிரே இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் பிறந்தது அவ்விதமே.

மறு ஆண்டில், 1952ல், உத்தரப் பிரதேசத்து மங்கரோத் என்ற கிராமத்தார் ஒரு படி மேலே சென்றனர். தனித்தனியே சிறு பகுதி தருவதற்கு மாறாக, ஊர் நிலம் முழுவதையும் ஊருக்கே அளித்தனர். இதற்குக் கிராமதானம் என்று பெயர் வந்தது. 1956, 1957ஆம் ஆண்டுகளில் விநோபா தமிழ்நாடெங்கும் கால்நடையாகச் சுற்றி வந்தார். மதுரை மாவட்டத்தில் பல கிராமங்கள் தானமாயின. 1957 செப்டம்பரில் மைசூருக்கு அருகில் எல்வால் என்ற இடத்தில் ஒரு மாநாடு கூடியது. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத், பிரதமர் நேரு, கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் நம்பூதிரிபாட் ஆகியோர் ஒரே பந்தலில் அமர்ந்து கிராமதானக் கருத்தை ஆதரித்தனர். கட்சி வேற்றுமை கடந்து நிலச் சிக்கல் அந்நாளில் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

கிராமதானத்தின் விதிகள்

தொடக்கக் காலத்துக் கிராமதானத்தில் நிலமுடையோர் அனைத்தையும் விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பலர் தயங்கினர். ஆகவே 1960களில் விதிகள் எளிதாக்கப்பட்டன. அவற்றை அங்கத்தினர் நன்கு மனத்தில் பதித்துக் கொள்ளுதல் நலம்.

முதலாவது, நிலத்தின் உடைமை உரிமை கிராம சபைக்கு மாற்றி எழுதப்படும். இரண்டாவது, நிலமுடையவர் இருபதில் ஒரு பங்கை நிலமற்றோருக்குத் தருவார். எஞ்சிய பத்தொன்பது பங்கைத் தாமும் தம் பிள்ளைகளும் வழிவழியாக உழுது பயன் பெறலாம். ஆனால் சபையின் இசைவின்றி வெளியாருக்கு விற்கலாகாது. மூன்றாவது, விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்குச் சேரும். கூலிக்காரரும் சம்பளக்காரரும் மாதத்தில் ஒரு நாள் வருவாயைத் தருவர். நான்காவது, வயது வந்தோர் அனைவரும் அடங்கிய சபை, கூடியவரை ஒருமனதாக முடிவு செய்யும்.

இதனை நம் கணக்கில் பார்ப்போம். 20 ஏக்கர் உடையவர் 1 ஏக்கர் தருவார். 40 மூட்டை சோளம் கண்டவர் 1 மூட்டை தருவார். 30 நாள் தறியில் உட்கார்ந்தவர் 1 நாள் கூலி தருவார். விவசாயியும் நெசவாளரும் ஒரே நிதிக்கு அவரவர் தகுதிக்கேற்ப அளிக்கின்றனர். நம் சங்கங்களில் பங்குத் தொகையும் சிக்கன நிதியும் பிடிக்கும் முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்பது கண்கூடு.

இவ்விதிகளில் மிக முக்கியமானது விற்பனைத் தடையே. பஞ்ச காலத்தில் ஒருவர் அவசரத்துக்கு விற்றுவிட்டால், அந்நிலம் மீண்டும் ஊருக்கு வருவது அரிது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் ஊரின் நிரந்தர நஷ்டமாக மாறாதபடி இத்தடை காத்து நிற்கும்.

சட்டம் வந்தது; நிலம் தரிசாகவே கிடந்தது

தானமாக வந்த நிலத்தை முறைப்படுத்த 1958ல் நம் மாநிலத்தில் பூதான யக்ஞச் சட்டம் இயற்றப்பட்டது. தானப் பத்திரம் வெறும் வாக்குறுதியாக நில்லாமல், நிலத்தை ஏற்கவும் நிலமற்றோருக்கு வழங்கவும் ஒரு வாரியம் அமைந்தது. நாடு முழுவதிலும் நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதில் பெரும் பகுதி விநியோகம் ஆகவில்லை. சில நிலம் வழக்கில் சிக்கியிருந்தது. சில நிலம் பாறையும் சரளையுமாக இருந்தது. தானம் செய்தவரின் வாரிசுகள் சிலர் பின்னர் மறுத்தனர்.

விநியோகமான நிலத்திலும் வேறொரு தொல்லை எழுந்தது. நம் கொங்கு நாட்டில் கிணறுள்ள நிலத்தைத் தோட்டம் என்றும், மழையை நம்பிய நிலத்தைக் காடு என்றும் வழங்குகிறோம். தானமாகக் கிடைத்தவை பெரும்பாலும் காடுகளே. அவற்றைத் தோட்டமாக்க முள்ளும் கல்லும் அகற்ற வேண்டும்; வரப்பிட வேண்டும்; கிணறு வெட்ட வேண்டும்; மாடு, ஏர், விதை வாங்க வேண்டும்; முதல் அறுவடை வரும்வரை குடும்பம் உண்ண வேண்டும். நேற்று வரை கூலிக்கு உழைத்தவரிடம் இவற்றுக்கெல்லாம் முதல் ஏது? வங்கியோ, ஈடு காட்டச் சொல்லும். விற்க முடியாத நிலத்தை ஈடாக ஏற்கவும் அது தயங்கும்.

தறியைக் கொடுத்து, பாவும் ஊடும் கொடாமல் விட்டால் நெசவாளர் என்ன செய்வார்? தறி திண்ணையில் தூசி படிந்து கிடக்கும். தானம் பெற்ற நிலங்கள் பலவற்றின் நிலைமையும் அதுவே ஆயிற்று.

சர்வ சேவா பண்ணைகள்

இக்குறையைப் போக்கவே 1968, 1969ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி தொடங்கியது. இத்தாலி நாட்டு சான்ரெமோ நகரத்து ஆசிரியர் ஜியோவான்னி எர்மிலியா என்பவர் காந்தியடிகளின் வழியில் ஈடுபாடு கொண்டு இங்கு வந்தார். பூதான நிலங்கள் உழுவாரின்றிக் கிடப்பதைக் கண்டு, சர்வோதயத் தொண்டர்களோடு சேர்ந்து அவற்றைத் திருத்தும் பணியில் இறங்கினார். இத்தாலியில் உள்ள நண்பர்களிடமிருந்து உதவி திரட்டினார். லோகநாதன் முதலிய இளந்தொண்டர்கள் ஊரிலேயே தங்கிப் பணியாற்றினர். இப்பண்ணைகளுக்குச் சர்வ சேவா பண்ணைகள் என்று பெயர். இவற்றை நடத்த எழுந்த சங்கமே "அஸெஃபா" என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது.

இச்சங்கம் நிலத்தைத் தன் பெயரில் எழுதிக் கொள்ளவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நிலம் தானம் பெற்ற குடும்பங்களுடையதாகவே இருந்தது. கிணறு வெட்டுதல், நிலம் திருத்துதல், தொழில் பயிற்சி, முதல் திரட்டுதல், அரசாங்க அலுவலகங்களோடு பேசுதல் ஆகியவையே சங்கத்தின் வேலை. நிலம் விளையத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. குழந்தைகளுக்குப் பள்ளி, பாலுக்குச் சந்தை, மகளிருக்குச் சேமிப்புக் குழு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் எழுந்தன. பிற்காலத்தில் மகளிர் குழுக்கள் ஒன்றிணைந்து பரஸ்பர நல அறக்கட்டளைகளை அமைத்துக்கொண்டன. அவ்வறக்கட்டளைகளே பங்குதாரராக இருந்து நடத்தும் சிறு நிதி நிறுவனமும் தோன்றியது.

இவ்வமைப்பு முறை நமக்குப் புதியதன்று. ஊர்தோறும் உள்ள நெசவாளர் சங்கம் தனியே நின்றால் நூல் வாங்கவும் துணி விற்கவும் திணறும் என்பதாலன்றோ 1935ல் மாநிலத் தலைமைச் சங்கம் தோன்றியது? அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குகிறது. தொடக்கச் சங்கத்துக்குத் தலைமைச் சங்கம் எப்படியோ, ஊர் நிலத்துக்குத் துணைச் சங்கம் அப்படி.

வெண்மணிக்குப் பின்

கீழைத் தஞ்சையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு நிலம் வளமானது. ஆனால் உழுதவரிடம் இல்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்டிரும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பாலோர். இச்செய்தி கேட்டுச் சர்வோதயத் தம்பதியரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அப்பகுதிக்குச் சென்று அங்கேயே தங்கினர். வலிவலத்தில் கோயில் நிலங்களை உழுபவருக்கே பெற்றுத் தர 1970களில் சத்தியாக்கிரகம் நடத்தினர்.

தானத்துக்குக் காத்திருப்பதாலும் போராட்டத்தாலும் மட்டும் எல்லாருக்கும் நிலம் கிட்டாது என்பதை அனுபவத்தில் கண்ட அவர்கள், 1981ல் "லாஃப்டி" என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். "உழுபவனின் நில விடுதலை" என்பது அப்பெயரின் கருத்து. இதன் முறை எளிது. நிலத்தை விற்க விரும்பும் மிராசுதாரரிடம் நேரில் சென்று நியாய விலை பேசுவர். வங்கிக் கடனும் அரசாங்க மானியமும் பெற்று நிலத்தை வாங்குவர். பிறகு குடும்பத்துக்கு 1 ஏக்கர் வீதம் பிரித்து, பெண்ணின் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்வர். இவ்விதம் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன. இப்பணிக்காக 2008ல் ஸ்வீடனில் வழங்கப்படும் வாழ்வுரிமை விருதும், 2020ல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. ஜெகந்நாதன் 2013ல் காலமானார்.

பெண் பெயரில் பத்திரம் என்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் கடன் வாங்கும்போதும், விற்கும்போதும் மனைவியின் கையொப்பம் தேவை என்றாகிவிட்டால், நிலம் எளிதில் கை மாறாது. நாம் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுகையில், தறியில் பாதி உழைப்பை நல்கும் பெண்ணின் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் இல்லாமலிருப்பதை இன்றும் பல ஊர்களில் காண்கிறோம். இது சிந்திக்கத் தக்கது.

நிலம் கிடைத்த பின்னும் ஆபத்து நீங்கவில்லை. 1990களில் அக்கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. உப்பு நீர் வயலிலும் குடிநீரிலும் ஊறியது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த பெரும் இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எனினும் பின்னர் நாடாளுமன்றம் 2005ல் இயற்றிய சட்டம், அத்தொழிலுக்குப் பதிவின் பேரில் இடமளித்தது. பத்திரம் கையில் இருந்தாலும் மண்ணும் நீரும் கெட்டால் உடைமையால் பயனில்லை. அவற்றைக் காக்கத் தனியொரு குடும்பத்தால் இயலாது. அதற்கும் சங்கம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

பனி நாட்டில் ஒரு பாடம்

இனிக் கடல் கடந்து நோக்குவோம். கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் இனுவிட் என்ற மக்கள் வாழ்கின்றனர். அங்கு மரமும் வளராது, பயிரும் விளையாது. சீல், மீன், காரிபு மான் ஆகியவற்றை வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நிலம் என்பது வேட்டைக் களமும் மீன் துறையுமே. 1971ல் மாகாண அரசாங்கம் ஜேம்ஸ் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளைத் தேக்கி மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டத்தை அறிவித்தது. அங்கு வாழ்ந்த க்ரீ மக்களையோ இனுவிட் மக்களையோ கலந்து பேசவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். முடிவில் 1975 நவம்பர் 11ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அதன்படி ஒவ்வோர் இனுவிட் ஊரைச் சுற்றியுள்ள நிலமும், அவ்வூர் மக்கள் அனைவரும் அங்கம் வகிக்கும் ஒரு நிலவுடைமைக் கழகத்துக்கு உரியதாயிற்று. அந்நிலத்தை அரசுக்கன்றி வேறெவருக்கும் விற்க இயலாது. நம் கிராமதான விதியோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைக் காண்க. ஊர்க் கழகம் ஒவ்வொன்றும் சிறியது. சுரங்க நிறுவனத்தோடு பேசவும், நில அளவை பார்க்கவும், சட்டம் அறியவும் அதற்குத் தனியே ஆற்றல் போதாது. ஆகவே அக்கழகங்களெல்லாம் கூடித் தங்களுக்கென ஒரு பொதுச் சங்கத்தை அமைத்துக்கொண்டன.

நமக்குச் சுவை தரும் மற்றொரு செய்தியும் உண்டு. அப்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் முன்னரே வேரூன்றியிருந்தன. அவை 1967ல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. கூட்டுறவு வலுவாக இருந்த புவிர்னிதுக் முதலிய சில ஊரார் 1975 ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தனர். முன்னோர் வழி வந்த உரிமையை விட்டுக் கொடுத்துப் புதிய உரிமை பெறுவது தகாது என்பது அவர்கள் வாதம். கூடிப் பேசி முடிவெடுக்கப் பழகிய ஊர், "வேண்டா" என்று சொல்லவும் துணிவு பெறுகிறது.

இரண்டு உதாரணங்கள்

கிராமதானம் இன்று என்ன நிலையில் உள்ளது? இரண்டு ஊர்களின் கதையை ஒப்பிடலாம். மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா என்ற சிறிய ஆதிவாசிக் கிராமம் உள்ளது. அவ்வூர்ச் சபை பல்லாண்டுகளாக ஒருமனதாகவே முடிவெடுத்து வருகிறது. வன உரிமைச் சட்டப்படி 2009ல் தன் காட்டின் மீது சமுதாய உரிமையை நாட்டிலேயே முதலில் பெற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. 2013ல் நிலம் முழுவதையும் கிராமதானமாக ஆக்க அவ்வூரார் முடிவு செய்தனர்.

அஸ்ஸாமிலோ, 1961ஆம் ஆண்டின் கிராமதானச் சட்டமே 2022ல் நீக்கப்பட்டது. தான நிலங்கள் ஆக்கிரமிக்கப்பட்டுவிட்டன என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. சட்டம் இருந்தும் அங்கு நிலம் நிற்கவில்லை; மேந்தாவில் சட்டத்தின் துணை வருமுன்பே சபை நின்றது. வேற்றுமை சபை கூடுவதில்தான் உள்ளது.

நம் சங்கங்கள் செய்யத் தக்கவை

கிராமதானத்தை அப்படியே நாம் இங்கு பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மனை விலை ஏறியுள்ள நம் பகுதியில் எவரும் பட்டாவை விட்டுக் கொடுக்க முன்வர மாட்டார். ஆயினும் இவ்வரலாற்றிலிருந்து நான்கு காரியங்களை நாம் இன்றே மேற்கொள்ளலாம்.

ஒன்று: சங்கத்துக்குச் சொந்தமான இடம், கிட்டங்கி, சாயப்பட்டறை ஆகியவற்றின் பத்திரம், பட்டா, வரைபடம் மூன்றையும் ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழுவில் படித்துக் காட்ட வேண்டும். எல்லைக் கல் இருக்கிறதா என்பதை நிர்வாகக் குழுவினர் நேரில் நடந்து பார்க்க வேண்டும். காகிதத்தில் 40 சென்டும் தரையில் 32 சென்டும் இருந்தால், குறைந்த 8 சென்டும் அங்கத்தினர் அனைவரும் இழந்த சொத்தாகும்.

இரண்டு: சங்க நிலத்தை விற்பது பற்றிய தீர்மானத்தை அவசரக் கூட்டத்தில் கொண்டுவர இடமளிக்கக் கூடாது. போதிய நாள் அறிவிப்பும், பொதுக்குழுவின் பெரும்பான்மையும், இலாகாவின் முன் அனுமதியும் இன்றி விற்பனை இல்லை என்பதில் உறுதியாக நிற்க வேண்டும்.

மூன்று: ஊர்ப் பொது நிலங்களையும் நம்முடையவையாகக் கருத வேண்டும். மேய்க்கால், களம், குளம், வாய்க்கால் ஆகியவற்றின் ஆக்கிரமிப்பை அகற்றித் தருமாறு 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நொய்யல் நீர் வந்து நிரம்பும் குறிச்சிக் குளமும் வெள்ளலூர்க் குளமும் நம் கிணறுகளின் ஊற்றுக்கண்கள். குளம் சுருங்கினால் தோட்டம் காடாகும், சாயத்துக்கும் நீரிராது. கிராம சபைக் கூட்டத்துக்கு நம் அங்கத்தினர் செல்ல வேண்டும். நகர எல்லைக்குள் உள்ளோர் வார்டு மட்டத்தில் கேட்க வேண்டும்.

நான்கு: நிலமோ தறியோ விற்கும் நிலைக்கு வந்த அங்கத்தினர், தரகரிடம் போவதற்கு முன் சங்கத்தின் கதவைத் தட்டும்படி செய்ய வேண்டும். மருத்துவச் செலவும் கலியாணச் செலவுமே பெரும்பாலான விற்பனைக்குக் காரணம். சிக்கன நிதியிலிருந்து உரிய நேரத்தில் கிடைக்கும் ஒரு சிறு கடன், ஒரு ஏக்கரைக் காப்பாற்றலாம். தானம் பெற்றவருக்குத் துணைச் சங்கம் செய்த தொண்டும் இதுவே.

உடைமையைப் பெறுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது அன்றாட வேலை. 1951ல் போச்சம்பள்ளியில் ஒரு மாலைப் பொழுதில் 100 ஏக்கர் கிடைத்தது. அவ்வாறு கிடைத்த நிலங்களை விளைநிலமாக்கத் தொண்டர்கள் தம் வாழ்நாளையே செலவிட வேண்டியிருந்தது. நம் சங்கத்துச் சொத்துக்கள் முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்தவை. அவற்றை ஒரு சென்டும் குறையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடன்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. கிராமதானத்தில் வெளியாருக்கு நிலம் விற்கத் தடை விதித்தது ஏன்? அத்தடையால் கடன் பெறுவதில் நேரும் இடர் யாது? அதை எவ்வாறு நீக்கலாம்?

2. தானம் பெற்ற நிலங்கள் பல தரிசாகக் கிடந்ததற்குரிய காரணங்களைக் கூறுக. உங்கள் சங்கத்தில் வாங்கப்பட்டும் பயன்படாமல் கிடக்கும் பொருள் ஏதேனும் உண்டா?

3. உங்கள் சங்கத்து நிலத்தின் பரப்பும் நான்கெல்லையும் யாவை? கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவை தெரியும்?

4. உங்கள் ஊரில் பொது நிலமாக இருந்து இன்று இல்லாமற் போனவை எவை? எஞ்சியுள்ளவற்றைக் காக்க இவ்வாண்டில் உங்கள் சங்கம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தீர்மானமாக எழுதுக.